பட்டாளத்துக் கடிகாரத்துக்குப் புது முகம் வேண்டாம்!

மதுரையைச் சுற்றி உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் "பட்டாளத்தார் வீடு" என்று பெயர் பெற்ற வீடுகள் உண்டு. 2-வது உலகப் போர் முடிந்த 1945-ல் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அத்தகைய வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கைக்கடிகாரம் இன்றும் கிடக்கலாம்.

அதைக் கடைக்கு எடுத்துப் போய், "முகப்புக்கு வர்ணம் அடித்துப் புதுசாக்குங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த மங்கிய முகப்பில்தான் அதன் கதை இருக்கிறது.

அம்புக் குறி

1945-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 கம்பெனிகள் கைக்கடிகாரம் செய்து கொடுத்தன. ஒமேகா, சைமா, வெர்டெக்ஸ் ஆகியவை அவற்றில் சில. கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், வினாடி காட்டத் தனியாக ஒரு சிறு வட்டம். முகப்பில் அம்பு போன்ற ஒரு குறியும் இருக்கும். "இது சர்க்கார் சொத்து" என்று அதற்குப் பொருள்.

எல்லாச் சிப்பாய்களுக்கும் சர்க்கார் கடிகாரம் கிடைக்கவில்லை. சொந்தப் பணத்தில் வாங்கியவர்களும் உண்டு. வெஸ்ட் எண்ட் கம்பெனியின் "சோவார்" கடிகாரம் அந்நாளில் பேர் பெற்றது. சோவார் என்றால் குதிரை வீரன்!

பிற்காலத்தில் நம் நாட்டு எச்.எம்.டி. நிறுவனமும் "ஜவான்" என்று ஒரு கடிகாரம் செய்தது. 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது.

ராணுவமே மாற்றவில்லையா?

"ராணுவமே முகப்பை மாற்றியதே!" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். பிரிட்டிஷ் ராணுவம் ரேடியம் முகப்புகள் பலவற்றை நீக்கி, டிரிட்டியம் பூசிய முகப்பு வைத்தது. ஆனால், அதை மறைக்கவில்லை. வட்டத்துக்குள் ஆங்கில "டி" எழுத்தைப் போட்டு அடையாளம் காட்டியது. இன்று வர்ணம் அடிப்பவர்களோ பழையதை மறைக்கிறார்கள். இல்லாத அம்பையும் சிலர் வரைந்து விடுகிறார்கள். அது பழுதுபார்ப்பது அல்ல, பொய் சொல்வது.

ஒளி போனாலும் ஆபத்து போகாது

இன்னொரு காரணமும் உண்டு. இருட்டில் ஒளிர்வதற்காக முகப்பில் ரேடியம் பூசினார்கள். இன்று அது ஒளிராது. ஆனால், ரேடியம் அப்படியேதான் இருக்கிறது. அது பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும்!

முகப்பைச் சுரண்டினால் தூள் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் எலும்பில் தங்கிவிடும். 1920-களில் அமெரிக்காவில் ரேடியம் முகப்பு தீட்டிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். நம் ஊர்த் தொழிலாளிக்கு அந்தக் கதி வேண்டாம்.

ஆகவே, கடிகாரத்தை நீங்களாகத் திறக்காதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால், "ரேடியம் முகப்பாக இருக்கலாம், தொடவேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். தாத்தாவின் பெயர், படைப்பிரிவு, போன ஊர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

முகம் சுருங்கியது என்பதற்காகத் தாத்தாவை நாம் மாற்றுவோமா?