விலையுயர்ந்த சில்லு வெற்றியைத் தருமா?



சைக்கிள் ஓட்டப் போட்டியில் ஆர்வமுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு எழும். "உம்மா, காற்றை வெட்டிப் போகிற சில்லு ஒரு சோடி வாங்கித் தந்தால் நான்தான் முதலாவதாக வருவேன்" என்பான் மகன். விலையைக் கேட்டதும் வாப்பா வாயடைத்துப் போவார். பெயர்பெற்ற கம்பனிகளின் கார்பன் சில்லுச் சோடி ஒன்று ஆயிரம் டொலரிலிருந்து மூவாயிரம் டொலருக்கு மேலும் போகிறது. அந்தப் பணத்தில் நல்ல சைக்கிள்கள் எத்தனையோ வாங்கலாம். பிள்ளையின் ஆசையையும் தட்டிவிடக் கூடாது, வீட்டுப் பணமும் வீணாகக் கூடாது. அதற்கு, விசயம் என்னவென்று நாமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்காற்றில் குடை பிடித்து நடந்தவர்களுக்குக் காற்றின் பலம் தெரியும். சைக்கிளின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை மீறிப்போகக் காலுக்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகிறது. கடைக்குப் போகிற வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வீரனோ தன் வலுவின் பெரும்பகுதியைக் காற்றோடு மல்லுக்கட்டவே செலவிடுகிறான். சில்லின் விளிம்பை ஆழமாகச் செய்து, காற்று சிதறாமல் வழுக்கிப்போக வைப்பதுதான் இந்தச் சில்லுகளின் சூட்சுமம். அதில் பொய்யில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஓட்டுபவரின் உடம்பினால் வருவது. சில்லுகளின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். விலையுயர்ந்த சில்லு குறைப்பது அந்தப் பத்தில் ஒன்றிலும் ஒரு பகுதியையே.

1989ஆம் ஆண்டு 'டூர் டி பிரான்ஸ்' போட்டியின் கடைசி நாள் இதற்கு நல்ல பாடம். பிரான்ஸ் வீரர் லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னணியில் இருந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தனியோட்டம் மட்டுமே மிச்சம். அவருடைய சைக்கிளில் முன்னும் பின்னும் காற்றை வெட்டும் தட்டுச் சில்லுகள். அமெரிக்கர் கிரெக் லெமொண்டுக்குப் பின்னால் மட்டுமே தட்டுச் சில்லு. ஆனால் அவர் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிக் குனிந்து ஓட்டும் பிடி பூட்டியிருந்தார். காற்றுக்கேற்ற தலைக்கவசமும் அணிந்திருந்தார். ஃபின்யோனோ வெறுந்தலையுடன், குதிரைவால் முடி காற்றில் ஆட ஓடினார். லெமொண்ட் அன்று 58 வினாடி முந்தி, முழுப் போட்டியையும் 8 வினாடியில் வென்றார். ஃபின்யோனுக்கு அப்போது ஆசனப் புண் வேதனையும் இருந்தது. ஆகவே எல்லாமே கருவியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் இரண்டு தட்டுச் சில்லும் அவரைக் காப்பாற்றவில்லை.

மகன் பலரோடு கூட்டமாக ஓடுபவனாக இருந்தால் இலாபம் இன்னும் குறையும். முன்னால் போகிறவனின் பின்னே ஒட்டி ஓடினாலே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வலு மிச்சமாகும். அதற்குப் பணமே தேவையில்லை.

உம்மாமார் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆழமான முன்சில்லைப் பக்கக் காற்று தள்ளும். எடை குறைந்த பிள்ளைகள் தடுமாறுவார்கள். விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் கார்பன் விளிம்பு போட்டால் மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

அப்படியானால் இவற்றை யாருமே வாங்கக் கூடாதா? தனியோட்டத்தில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, சில வினாடிகளால் பதக்கத்தை இழப்பவனுக்கு அவை பிரயோசனமானவை. அவனும் அதைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். முதலில் உடம்புக்குப் பொருந்திய சைக்கிள், குனிந்து ஓட்டும் பயிற்சி, உடம்போடு ஒட்டிய உடை, நல்ல தலைக்கவசம், தரமான டயர், அதற்கு அளவான காற்று. இவற்றில் பெரும்பாலானவை அந்தச் சில்லுகளின் விலைக்குக் கிட்ட வராது. தருகிற வேகமோ அதிகம்.

ஆகவே மகன் கேட்டால் "முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். "முதலில் இவற்றை எல்லாம் செய்துவிட்டு வா, பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள். உண்மையிலேயே ஓட விரும்பும் பிள்ளை அதைச் செய்துவிட்டு வருவான். அன்றைக்கு வாப்பாவும் கொஞ்சம் யோசிப்பார்.