ஆராதனைக்கு ஏற்ற வஸ்திரம்



பெங்களூரில் வசிக்கும் ஒரு தாயாரின் கடிதம் இம்மாதம் நம் கைக்கு வந்தது. அவர்களுடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், ஞானஸ்நானம் பெற்றவள், ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடல் கற்றுக்கொடுத்து வந்தவள். திருவிருந்து ஆராதனையன்று சுடிதார் உடுத்தி வந்ததற்காக, சபையின் மூத்த சகோதரி ஒருவர் அவளை வாசலிலேயே நிறுத்தி, "புடவை உடுத்திக்கொண்டு வா" என்று பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். வீடு திரும்பிய பிள்ளை மூன்று மாதமாக ஆராதனைக்கு வரவில்லை. "வஸ்திரத்தைக் குறித்து வேதம் என்னதான் சொல்லுகிறது ஐயா?" என்று தாயார் கேட்கிறார்.

சுடிதாருக்கு விரோதமாக வழக்கமாய் எடுத்துக்காட்டப்படுவது உபாகமம் 22:5. ஸ்திரீ புருஷனுடைய உடையையும், புருஷன் ஸ்திரீயின் உடையையும் தரிக்கலாகாது என்பது அங்குள்ள கட்டளை. அதை நாம் இலேசாக எண்ணவில்லை. ஆனால் சுடிதார் புருஷருடைய உடைதானா? பஞ்சாபில் சல்வார் கமீஸ் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கண்ணியமான உடையாயிருக்கிறது. அங்குள்ள விசுவாசிகளாகிய சகோதரிகள் துப்பட்டாவினால் முக்காடிட்டு ஜெபிக்கிறார்கள். வடக்கே பக்திக்கு ஏற்றதாயிருக்கிற உடை, ரயிலேறித் தெற்கே வந்ததும் அவபக்தியாக மாறிவிடுமா? மோசே அந்தக் கட்டளையைக் கொடுத்த நாட்களில் இஸ்ரவேலரில் ஒருத்தியும் புடவை உடுத்தவில்லை என்பதையும் நாம் சற்றே நினைத்துக்கொள்வது நல்லது.

வஸ்திரம் ஒரு பொருட்டல்ல என்று சொல்லுவதும் சரியல்ல. சீனாய் மலையடியில் கர்த்தரைச் சந்திக்குமுன் ஜனங்கள் தங்கள் வஸ்திரங்களைத் தோய்க்கும்படி கட்டளை பெற்றார்கள் (யாத்திராகமம் 19:10). போவாசினிடத்திற்குப் போகுமுன் குளித்து, நல்ல வஸ்திரம் உடுத்திக்கொள்ளும்படி நகோமி ரூத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள் (ரூத் 3:3). உடலை இறுகப் பிடிக்கிறதும், உள்ளே தெரியத்தக்கதுமான ஆடை ஆராதனைக்கு ஏற்றதல்ல. புடவையும் அப்படி உடுத்தப்படக்கூடும். இதைத் தாய் மகளுக்கு வீட்டில், அவள் துணி வாங்கும்போதே அன்பாய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆலய வாசல் அதற்குரிய இடமல்ல.

இக்காரியத்தில் நம்முடைய பிரதான வேதபகுதி 1 தீமோத்தேயு 2:9, 10 வசனங்கள். தீமோத்தேயு அப்போது எபேசுவில் இருந்தார். அது செல்வம் கொழித்த துறைமுகப் பட்டணம். அந்தச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள் (6:1), ஐசுவரியவான்களும் இருந்தார்கள் (6:17). கூந்தலைப் பல அடுக்காய்ப் பின்னிப் பொன்னால் அலங்கரிப்பது அக்காலத்து ரோமச் சீமாட்டிகளின் வழக்கம். அப்படிப்பட்டவள் ஒருத்தி முன்னே அமர்ந்திருக்க, அவள் வீட்டு அடிமைப்பெண் பின்னே அமர்ந்திருந்தால், அங்கே ஐக்கியம் எப்படி இருக்கும்? ஆகவே கூந்தல் அலங்காரம், பொன், முத்து, விலைமிகுந்த ஆடை ஆகிய நான்கையும் அப்போஸ்தலன் ஒருமிக்க விலக்கினார். அடக்கம் என்று அவர் சொல்லும்போது தோலை மறைப்பதை மாத்திரமல்ல, பணத்தை மறைப்பதையும் சேர்த்தே சொல்லுகிறார்.

நாமோ பொன்னையும் முத்தையும் பிடித்துக்கொண்டு, நான்காவதை மறந்துவிட்டோம். கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லை. ஆனால் உடுத்தியிருக்கும் வெண்பட்டின் விலையோ, பின்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் சகோதரியின் ஒரு மாதக் கூலி. கழுத்திலிருந்து இறங்கிய பொன் வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாய் இருப்பதும் உண்டு. அதை இப்போது கிளறவேண்டாம்.

வெண்வஸ்திரத்தைக் குறித்து ஒரு வார்த்தை. இலங்கையில் தொடங்கி நம் நாட்டில் வேரூன்றிய பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் வெண்ணுடை தரித்து வாழ்ந்தது நம் தாய் தகப்பன்மாரை ஆழமாய்த் தொட்டது. எளிய பருத்தி வெண்சேலை, வீட்டு எஜமானியையும் பாத்திரம் துலக்குகிறவளையும் ஒன்றுபோலக் காட்டிற்று. அதுவே அதன் மகிமை. ஆனால் மும்பையிலும் டெல்லியிலும், புதிதாய் மணமான பெண் வளையலின்றி வெண்சேலையில் இறங்கிச் சென்றால், அக்கம்பக்கத்தார் அதை விதவைக்கோலம் என்றே எண்ணுவார்கள். மனமுவந்து உடுத்துகிறவள், கேட்கிறவர்களுக்குக் கிறிஸ்துவைச் சொல்லக் கிடைத்த வாசலாக அதை எடுத்துக்கொள்ளட்டும். நிறமுள்ள எளிய சேலை உடுத்துகிறவளை ஒருவரும் குறைவாய் மதிக்கவேண்டாம். வெளிப்படுத்தின விசேஷத்தில் காண்கிற வெண்ணங்கி ஆட்டுக்குட்டியானவரின் இரத்தத்திலே வெளுக்கப்பட்டது. அது கடையில் கிடைப்பதல்ல.

நம் வாசகரில் அநேகர் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களை வேராகக் கொண்டவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் முதலிய குலங்களின் பெண்கள் மார்பையும் தோளையும் மூடுவது ஒருகாலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. ஒரு பெண்ணின் பிறப்பை அவள் உடையைக் கொண்டே அறிவித்த காலம் அது. சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1813-ல் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். ஆயினும் 1820-களில் தோள்சீலை அணிந்த பெண்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டார்கள். அவர்கள் வஸ்திரம் கிழிக்கப்பட்டது. 1829-ல் வந்த அரச அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது. 1858, 59 ஆண்டுகளின் கலகங்களில் ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அறிவிக்கப்பட்டது. உயர்குலத்தாரைப்போல் அணியலாகாது என்ற நிபந்தனை அப்போதும் ஒட்டிக்கொண்டே வந்தது.

அந்தக் கொடுமையும், பெங்களூர் சபை வாசலில் நடந்ததும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு பெண்ணை வழியில் நிறுத்தி, அவள் மேலுள்ள துணியை அளந்து, உனக்கு இங்கே இடம் இல்லை என்று சொல்லுகிற அதிகாரத்தால் நம் பாட்டிமார் பட்ட பாட்டை அறிந்த ஜனம் நாம். அந்த அதிகாரத்தை நாம் கையில் எடுக்கலாமா?

அன்பான தாயே, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அவள் உடுத்திவந்தது பாவமல்ல. தளர்வான சுடிதாரும் ஒழுங்காய் இட்ட துப்பட்டாவும் கர்த்தருடைய பந்திக்குத் தடையல்ல. உங்கள் போதகரை வீட்டிற்கு அழைத்து, அவர் வாயினாலேயே அவள் இதைக் கேட்கும்படி செய்யுங்கள். அந்த மூத்த சகோதரியைச் சபையார் முன்பாக வெட்கப்படுத்தவேண்டாம். அவர் தம்முடைய வாலிபத்தில் நகைகளைக் கழற்றி, சொந்தத்தாரின் பரியாசத்தைச் சகித்தவராயிருக்கலாம். மத்தேயு 18:15 காட்டும் வழியில் தனிமையில் பேசுங்கள். பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேச அவரே வரக்கூடுமானால், அதுபோன்ற மருந்து வேறில்லை.

புருஷருக்கு வஸ்திரத்தைப்பற்றிப் பிரசங்கம் கேட்கக் கிடைப்பது அபூர்வம். மேடையில் பாடும் வாலிபனின் கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தால் "நாகரிகம்" என்கிறோம். சட்டையில் எழுதியிருப்பது என்னவென்று உடுத்தியவனுக்கே தெரிவதில்லை. ஐரோப்பியக் குளிருக்கென்று தைத்த கோட்டைச் சென்னை வெயிலில் அணிந்து வியர்க்கிற ஊழியரைக் குறித்து நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இந்தப் பட்டணங்களில் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் விடுமுறையல்ல. இரவுக் காவல் முடித்து, சீருடையோடு நேராய் வருகிற சகோதரன் உண்டு. மருத்துவமனைப் பணியிலிருந்து ஓடிவருகிற நர்ஸ் உண்டு. சுண்ணாம்புக் கறை படிந்த ஒரே கால்சட்டையோடு ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய பிள்ளையும் உண்டு. மும்பை மழையில் ரயிலேறி வருகிறவர்களின் கரையெல்லாம் சேறாயிருக்கும். யாக்கோபு 2-ஆம் அதிகாரம் இவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. வாசலில் வரவேற்கும் ஊழியத்தைச் செய்கிறவர்கள் அந்த முதல் நான்கு வசனங்களை மாதம் ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாம். சீருடையில் வந்தவரை வாசற்காவலர் என்று எண்ணி, "கார் நிறுத்த இடம் எங்கே?" என்று கேட்டவர்களும் நம்மிடையே உண்டு. அப்படி வருகிறவருக்கு மின்விசிறியின் கீழ் ஒரு நாற்காலியைக் காட்டுங்கள். முடியுமானால் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுங்கள்.

தாலி கழற்றுவதைக் குறித்து மூன்று சகோதரிகள் எழுதியிருக்கிறீர்கள். அவிசுவாசியான கணவரோடு வாழ்கிறவர்களின் நிலை வேறாகையால், அதை அடுத்த மாதம் தனியே தியானிப்போம்.