உடலுக்குள் வைத்ததற்குக் கணக்கு எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. மருத்துவமனை அளித்த தாள்களுக்கிடையே, செயற்கை மூட்டின் தயாரிப்பு எண் அச்சிடப்பட்ட சிறிய ஒட்டுச்சீட்டு ஒன்றும் இருந்தது. மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்திய நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அண்மையில் தேடியபோது அது கிடைக்கவில்லை. மூட்டு நன்றாகவே இயங்குகிறது. அவர் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். ஆயினும், அவர் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த வகை மூட்டு என்பதை இன்று எங்களால் சொல்ல முடியாது.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உடலுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளையும் திசுக்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. பொருள் உள்ளே சென்ற சில விநாடிகளிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மீது படிகின்றன. அடுத்து நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேருகின்றன. அவற்றுள் விழுங்கு செல்கள் அப்பொருளைத் தின்ன முயல்கின்றன; இயலாதபோது பல செல்கள் ஒன்றிணைந்து பெருஞ்செல்லாகின்றன. அதுவும் பலிக்காவிட்டால், நார்த்திசுவாலான உறையொன்றால் உடல் அதைச் சுற்றி மூடிவிடுகிறது.

சில பொருள்களை உடல் ஏற்றுக்கொள்வதும் உண்டு. 1950-களில் ஸ்வீடன் ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனிமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டேனியக் கருவியைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இன்றைய பல் பதியங்களுக்கு அதுவே அடிப்படை.

ஆனால், தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டதையே பின்னர் உடல் எதிர்க்கவும் கூடும். டீப்யூ நிறுவனத்தின் 'ஏஎஸ்ஆர்' இடுப்பு மூட்டில் நேர்ந்தது இதுதான். அதன் பந்தும் கிண்ணமும் கோபால்ட் - குரோமியக் கலவையால் ஆனவை. இரண்டும் உரசியதில் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் உதிர்ந்தன. அவற்றை விழுங்கிய செல்கள் மடிந்தன. சுற்றியிருந்த திசு சிதைந்தது. சிலருக்குக் கட்டி போன்ற வீக்கம் உண்டானது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டபோது, ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதாக இங்கிலாந்து - வேல்ஸ் மூட்டுப் பதிவேடு காட்டியது. ஆஸ்திரேலியப் பதிவேடு அதற்கு முன்பே எச்சரித்ததால், அந்நாட்டில் 2009-லேயே அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

விற்பனைக்கு முந்தைய சோதனைகளில் தப்பிய குறையைப் பிடித்தவை இந்தப் பதிவேடுகளே. ஸ்வீடனில் 1970-களிலேயே முழங்கால், இடுப்பு மூட்டுப் பதிவேடுகள் தொடங்கப்பட்டுவிட்டன.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே சுமார் 4,700 ஏஎஸ்ஆர் அறுவை சிகிச்சைகள் நடந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2017-இல் அமைக்கப்பட்ட மத்திய நிபுணர் குழு அறிக்கை அளித்தபோது, கண்டறியப்பட்டிருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே. 30 லட்சம் ரூபாயிலிருந்து 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று 2018-இல் வரையறுக்கப்பட்டது. எஞ்சியோர் எங்கிருக்கிறார்கள் என்றே தெரியாதபோது அந்தத் தொகையால் என்ன பயன்?

இதயத்துக்கான ஸ்டென்ட், முழங்கால் செயற்கை மூட்டு ஆகியவற்றுக்கு 2017-இல் விலை உச்சவரம்பு விதிக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், விலையில் காட்டிய அக்கறையை, பொருத்திய பொருள் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதில் நாம் காட்டவில்லை. மருத்துவச் சாதனங்களால் நேரும் பாதிப்புகளைத் தெரிவிக்க 2015 முதல் தேசியத் திட்டம் ஒன்று உள்ளது. அதில் வந்து சேருபவை புகார்கள் மட்டுமே. நூறு புகார்கள் வந்தால், அவை ஆயிரம் பேரிலிருந்து வந்தவையா, லட்சம் பேரிலிருந்து வந்தவையா என்று தெரிந்தால்தானே ஆபத்தின் அளவு புரியும்? அறுவை மருத்துவர்களின் சங்கம் நடத்தும் மூட்டுப் பதிவேடோ, விருப்பமுள்ளோர் மட்டும் பங்கேற்பது.

உடலுக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும் ஸ்டென்டும் இதய வால்வும் தயாரிப்பு எண்ணோடு பதியப்படுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். பதிவு செய்தால்தான் காப்பீட்டுத் தொகை என்று அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் நிபந்தனை விதித்தாலே பெரும்பாலான மருத்துவமனைகள் வழிக்கு வந்துவிடும். சிறிய மருத்துவமனைகளுக்கு இது கூடுதல் சுமை என்பதையும், நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. இரண்டுக்கும் தீர்வு காண முடியும் என்பதற்குப் பல நாடுகளின் அனுபவம் சான்று.

அதுவரை நாமே விழிப்போடு இருப்பது நல்லது. அந்த ஒட்டுச்சீட்டின் நகலைக் கேட்டு, அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உறவினர் எவருக்கேனும் இத்தகைய சிகிச்சை நடந்திருந்தால், வாசகர்களும் இன்றே தங்கள் வீட்டுக் கோப்புகளைப் புரட்டிப் பார்க்கட்டும்.