"லீவில நிக்கிறார்"



அப்பா 17 வருசம் வேலை செய்த வேர்ஹவுஸ் அவரை ரிடன்டன்ட் ஆக்கி எட்டு மாதம். கோயிலில் யாரும் கேட்டால் அம்மா இன்னும் "லீவில நிக்கிறார்" என்றுதான் சொல்லுறா.

இந்த வெட்கத்தால் காசும் நட்டம். பிரித்தானியாவில் தேசியக் காப்புறுதி போதியளவு கட்டியவருக்கு நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ 6 மாதம் வரை கிடைக்கும். சேமிப்பையோ மனைவியின் சம்பளத்தையோ பார்க்க மாட்டார்கள். அப்பாவோ "அரசாங்கக் காசு எனக்கு வேண்டாம்" என்று அஞ்சு மாதம் விண்ணப்பிக்கவே இல்லை. அது பிச்சையா? அவருடைய சம்பளத்திலிருந்து கழித்துக் கட்டிய காப்புறுதி.

அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று. அதே நாள் வேலை போன இன்னும் மூன்று தமிழர் எங்கட ஏரியாவிலேயே இருக்கினம். நாலு பேரும் ஆளையாள் கண்டால் றோட்டைக் கடந்து போயிருக்கினம். போன மாதம்தான் எங்கட குசினியில் ஒன்றாக இருந்து கதைத்தார்கள். அதில் ஒருவர் சொன்ன இடத்தில்தான் அப்பாவுக்கு இப்ப கிழமைக்கு மூன்று நாள் வேலை.

ஆட்குறைப்பு முதலாளி எடுக்கும் முடிவு. அதை எங்கட குடும்ப மானப் பிரச்சினையாக்கி மறைத்தால், கேள்வி கேட்க ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். உங்கட வீட்டிலும் யாராவது "லீவில" நிற்கிறார்களா? இந்தக் கிழமை பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்புங்கள். கூட வேலை போனவர்களின் நம்பரையும் கேளுங்கள்.