முதுமைக்குத் துணை ஒரு வெள்ளாடு

தறிக்குழியை விட்டு எழுந்த நெசவாளருக்கும், ஏர் பிடிப்பதை நிறுத்திய உழவருக்கும் உணவும் உடையும் மருந்தும் அளித்துவிட்டால் நம் கடமை முடிந்தது என எண்ணுகிறோம். தம்மை எதிர்பார்க்கும் ஓர் உயிர் இல்லையே என்பதுதான் முதியவருடைய பெருங்குறை. அக்குறையைப் பெரிதும் தீர்க்க வல்லவை வீட்டுக் கால்நடைகள்.

ஆயினும், சங்கப் பணி நிமித்தம் செல்லும் ஊர்களில் நான் அடிக்கடி கேட்கும் செய்தி, "அப்பாவுக்கு முடியவில்லை, மாட்டை விற்றுவிட்டோம்" என்பதே. மாடு கயிற்றை இழுத்தோடினால் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறியும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்குப் பரிகாரம் கொட்டிலை வெறுமையாக்குவதன்று. அவருடைய வலுவுக்கேற்ற உயிரை அவரிடம் ஒப்படைப்பதாகும்.

சாதுவான வெள்ளாட்டுக்கு அமர்ந்தபடியே தழை ஊட்டலாம். அது சினையுற்ற ஐந்து மாதத்தில் குட்டி ஈனும். நடக்க இயலாதவர் திண்ணையிலிருந்தே நாட்டுக்கோழிகளுக்குத் தீனி இறைக்கலாம். சிலர் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்க்க விரும்புவர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். முற்றத்தில் நீரும் தானியமும் வைத்தால் பறவைகள் தாமே வந்து செல்லும்.

தண்ணீர் சுமப்பதும் கொட்டில் கூட்டுவதும் இளையவர் பொறுப்பு. வெள்ளாட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்க்கும், கோழிக்கு வெள்ளைக்கழிச்சலுக்கும், நாய்க்கு வெறிநோய்க்கும் தடுப்பூசி தவறலாகாது. முதியவர் நோயுற்றால் அவ்வுயிரைப் பேணுபவர் யார் என்பதையும் முன்னரே முடிவுசெய்ய வேண்டும்.

2011 ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, நாம் பெரும்பாலும் வருவாயைப் பற்றியே பேசினோம். ஆடு தரும் துணை வரவேட்டில் ஏறுவதில்லை. ஆயினும் அதுவும் வரவே.

ஆதலால் உறுப்பினர்களுக்கு ஒன்று கூறுவேன். முதியவர் பேணிய ஆட்டை அவரைக் கேளாமல் விற்காதீர்கள். விற்ற பணத்தில் அவர் பங்கை அவர் கையிலேயே கொடுங்கள். சங்க நிர்வாகிகள் கால்நடை மருந்தகத்தாருடன் பேசி, தடுப்பூசி போடும் நாளொன்றைச் சங்க வாயிலிலேயே ஏற்பாடு செய்யலாம். வயதான உறுப்பினர் தொலைவு நடக்க வேண்டியிராது.

ஆடு, மக்களின் அன்புக்கு ஈடாகாது. எனினும் பொழுது விடிந்ததும் தம்மை நோக்கிக் குரல் கொடுக்கும் ஓர் உயிர் இருப்பின், முதியவர் எழுவதற்கு ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தைச் சந்தையில் விற்றுவிடாதிருப்போமாக.