சாயம் பூசினால் சீர்திருத்தமா?

செங்கல்பட்டு சிறார் இல்லத்தின் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு அடித்தால் பையன்களின் மூர்க்கம் தணியும் என்கிறார் நண்பர். இதை ஏற்க முடியாது.

அவர் நம்பும் நிறம் 1979-இல் சியாட்டல் கடற்படைச் சிறையில் பிறந்தது. ஒரு காலன் வெள்ளையில் ஒரு பைன்ட் சிவப்பைக் கலந்து ஓர் அறைக்கு அடித்தார்கள். கைதிகள் அடங்கிவிட்டார்கள் என்று உலகமே பேசியது. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தார்கள். இளஞ்சிவப்பு அறையில் இருந்தவர்களுக்கும் மற்ற அறையில் இருந்தவர்களுக்கும் மூர்க்கத்தில் வித்தியாசமே இல்லை. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது.

வெளிச்சமும் காற்றும் துப்புரவான சுவரும் வேண்டும்தான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட தாம்பரத்துப் பையன், 17 வயது, அதே செங்கல்பட்டு இல்லத்தில் இறந்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அங்கே தணிய வேண்டியிருந்தது யாருடைய மூர்க்கம்? எந்தச் சாயம் அந்தக் கைகளைத் தடுத்திருக்கும்?

இதற்குப் பின்தான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் அரசு குழு அமைத்தது. 2023-இல் அறிக்கையும் வந்தது. பயிற்சி பெற்ற ஊழியர், மனநல ஆலோசகர், வெளியார் கண்காணிப்பு: இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். அறிக்கையின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்பதை அரசு வெளியிட வேண்டும். பெயிண்ட் டெண்டர் அதற்குப் பிறகு வரட்டும்.