குற்றம் கருவியிலா, கோப்பிலா?

சேலையூர்ப் பக்கத்தில் மின்நூல் படிப்பான் வைத்திருக்கும் மாணவர்கள் என்னிடம் கூறும் குறை ஒன்றுதான். "ஆங்கிலக் கதை பளிச்சென்று தெரிகிறது, சார். தமிழ் நூலைத் திறந்தால் எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கிறது." இக்கருவி தமிழுக்கு ஆகாது என்று மூடியும் வைத்துவிடுகிறார்கள். இது அநியாயமான தீர்ப்பு. பழி போடுமுன் ஓர் அளவுகோலை எடுங்கள்.

நீங்கள் திறந்தது பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாக இருக்கும். எந்தப் பொறியிலும் பக்கம் இம்மியும் மாறாமல் தெரியவேண்டும் என்பதற்காகவே அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட முறை அது. ஈபப் கோப்போ திரைக்கேற்ப வரிகளை மடித்துக்கொள்ளும். ஒன்று திடப்பொருள், மற்றது திரவம் எனலாம்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. 6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 90 மி.மீ. முழுப் பக்கத்தையும் அதற்குள் அடக்கினால் 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டாகச் சுருங்கிவிடும்! அங்குலத்துக்கு 167 புள்ளிகள் கொண்ட பழைய திரையில், அவ்வெழுத்தின் உயரத்துக்குக் கிடைப்பவை சுமார் 12 புள்ளிகளே. 'ணி'யின் சுழிகள் அதற்குள் எப்படிப் பிரிந்து தெரியும்? 300 புள்ளித் திரையில் விளிம்புகள் கூர்மையாகும். ஆனால் எழுத்தின் உயரம் ஒரு மயிரிழையும் கூடாது.

பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். மின்மைத் திரையில் உருவம் தோன்றுவது, மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் பெயர்வதால். அவை நகர நேரம் பிடிக்கும். வரிக்கு வரி பக்கத்தை இழுத்துப் படிக்க அசாத்தியப் பொறுமை வேண்டும்.

கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள். அகலம் 122 மி.மீ. ஆகிறது, எழுத்து 7 பாயிண்ட். இருபுறமும் 25 மி.மீ. வெற்று ஓரத்தை வெட்டிவிட்டால் 9 பாயிண்டே கிடைக்கும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்னும் இலவச மென்பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கி, சிறிய பக்கங்களில் மறுபடி அடுக்கும். எழுத்தை அது அறியவேண்டியதில்லை. ஆகவே தமிழும் அதற்குச் சம்மதமே.

எழுத்துகளுக்குப் பதில் பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் தெரிந்தால் அது வேறு நோய். யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டில் செய்த கோப்பினுள் எழுத்துருவைப் பதிக்க மறந்திருப்பார்கள். அதற்கு உங்கள் கையில் மருந்தில்லை. வேறு பிரதி தேடுங்கள்.

ஆனால் இத்தனை வைத்தியமும் மாணவன் தலையில் ஏன் விழவேண்டும்? ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் தன்னார்வலர்களைக் கொண்டே ஈபப், ஏ4 பி.டி.எஃப். ஆகியவற்றோடு 6 அங்குல பி.டி.எஃப். ஒன்றையும் தனியாக வழங்கிவருகிறது. பணமும் ஆளும் உள்ள பதிப்பகங்கள் ஏ4 கோப்பு ஒன்றை மட்டும் வெளியிட்டுக் கைகழுவுவதைச் சோம்பல் என்றே நான் சொல்வேன். அந்தச் சோம்பலால் தமிழ்க் கதை மூடப்பட்டு, ஆங்கிலக் கதை திறக்கப்படுகிறது.

படமும் சமன்பாடும் நிறைந்த நூல்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன். ஓடும் வரிகளில் பின்னங்கள் சிதறக்கூடும். உங்கள் இயற்பியல் பாடநூலைத் தாளிலோ 10 அங்குலத் திரையிலோ படியுங்கள்.